வாரம் ஒருமுறை வரவேண்டிய ஆள்

பூந்தமல்லியில் அரசின் பொதுச் சுகாதாரப் பயிற்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்களில் பலருக்கே அது என்ன இடம் என்று தெரியாது. 1930-களில், ஆரம்ப சுகாதார நிலையம் என்ற பெயரே இந்த நாட்டில் புழக்கத்துக்கு வராத காலத்தில், அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு சென்னை மாகாணத்தின் சுகாதார யூனிட் பூந்தமல்லியில் தொடங்கப்பட்டது. எல்லை வகுத்த ஒரு வட்டாரம். அந்த வட்டாரத்துக்கென்றே ஒரு டாக்டர், சானிட்டரி இன்ஸ்பெக்டர்கள், மருத்துவச்சிகள், வீடுவீடாகப் போகும் பெண் சுகாதாரப் பார்வையாளர்கள். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் நோய் கிளம்பும் இடத்துக்கு இவர்களே போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கிணறு, கக்கூஸ், சாக்கடை, பிறந்த குழந்தை, இறந்தவர் கணக்கு எல்லாம் ஒரே குழுவின் பொறுப்பு. பிற வட்டாரங்களுக்கான ஊழியர்கள் பயிற்சி பெறும் களமாகவும் அது இருந்தது.

அங்கிருந்து வடகிழக்கே, சைக்கிளில் போய்விடக்கூடிய தொலைவில் அயனம்பாக்கம். ஒரு பக்கம் அம்பத்தூர், இன்னொரு பக்கம் திருவேற்காடு, தெற்கே கூவம், நடுவில் பெரிய ஏரி. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். இன்று அம்பத்தூர்–வானகரம் சாலையை ஒட்டி அடுக்குமாடிகளும் கிடங்குகளும் வாடகை வீடுகளுமாக நிரம்பிவிட்டது. இங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கவுன்சிலர் பெயர் தெரியும், தண்ணீர் லாரிக்காரர் நம்பர் தெரியும், கழிவுநீர் லாரிக்காரர் நம்பரும் போனில் இருக்கும். நம் தெருவுக்கு சானிட்டரி இன்ஸ்பெக்டர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

நகரச் சுகாதாரம் என்பது, பெரும்பகுதி, பொறுப்புள்ள ஓர் ஆள் ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்ப வருவதுதான். மருந்தும் எந்திரமும் சட்டமும் அந்த ஆளின் கையில் இருந்தால்தான் பயன்படும். அப்படிப்பட்ட ஆளை இந்த மாகாணம் முன்னோடியாக உருவாக்கியது. நோய்கள் அடங்கியதும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டது. மேற்குப் புறநகர் நகரமாக மாறிய அரை நூற்றாண்டில் வீடுகள் பெருகின, அவர் பெருகவில்லை. இதுதான் இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு. இதை நிறுவக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1847-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம் இரண்டு பேரை வேலைக்கு வைத்தது. ஒருவர் டாக்டர் வில்லியம் டங்கன், நகரச் சுகாதார அதிகாரி. இன்னொருவர் தாமஸ் ஃப்ரெஷ், தொல்லைகளை ஆய்வு செய்யும் இன்ஸ்பெக்டர். டங்கன் எங்கே சாவு அதிகம், ஏன் என்று கணக்குப் போட்டார். ஃப்ரெஷ் தெருத் தெருவாகப் போய் நிரம்பி வழிந்த கழிவுக் குழியையும் காற்றில்லாத நிலவறைக் குடியிருப்பையும் கண்டு நோட்டீஸ் கொடுத்தார். டாக்டரின் பெயர் வரலாற்றில் நின்றது, இன்ஸ்பெக்டரின் பெயர் அதிகம் பேசப்படவில்லை. உலகமெங்கும் பின்னால் நடந்ததும் இதுவே. 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ அடிபம்பைச் சந்தேகித்த கதை பள்ளிப் பாடத்தில்கூட வருகிறது. அதற்குப் பிறகு லண்டனின் ஆயிரக்கணக்கான கழிவுக் குழிகளைத் திறந்து பார்த்து மூட வைத்தவர்களின் கதை வருவதில்லை.

நம் பக்கம் இந்த ஏற்பாடு வந்த நோக்கம் வேறு. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் சண்டையில் செத்ததைவிட காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்ததே அதிகம் என்பது 1863-ல் வெளிவந்த ராயல் கமிஷன் அறிக்கையில் அம்பலமானது. அடுத்த ஆண்டே வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்களில் சுகாதாரக் கமிஷன்கள் அமைந்தன. முதல் அக்கறை பாசறைகளுக்கு, அடுத்தது வெள்ளைக்காரர் குடியிருப்புகளுக்கு, மிச்சம் இருந்தால் ஊருக்கு. 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாக கீழ்ப்பாக்கம் வந்து சேர்ந்தது. அதை வடிகட்ட 1914 ஆகிவிட்டது. ஜே. டபிள்யூ. மாட்லி என்ற பொறியாளரின் காலத்தில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தன, நகருக்குள் பாதாள சாக்கடையும் வந்தது. அவை எதுவும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நகரத்தின் தாகம் தீர்க்கத் தண்ணீர் மட்டும் இந்தத் திசையின் ஏரிகளிலிருந்து போனது. அந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை. அயனம்பாக்கம் ஏரியையும் சென்னைக் குடிநீருக்குப் பயன்படுத்தும் திட்டம் சில ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. ஏரித் தண்ணீரைக் குடிக்கக் கேட்கும் நகரம் ஏரியைச் சுற்றியுள்ள வீடுகளின் கழிவுக்கு என்ன வழி செய்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சுகாதார ஆய்வு என்றால் மக்களுக்கு முதலில் நினைவில் பதிந்தது பயம்தான். 1897-ல் புனேயில் பிளேக் பரவியபோது சிப்பாய்களை வீட்டுக்குள் அனுப்பிச் சோதனை போட்டார்கள். பூஜையறை, சமையலறை, பெண்கள் இருக்கும் உள்ளறை எதையும் விடவில்லை. சாமான்களைத் தெருவில் எறிந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 22 இரவு பிளேக் கமிஷனர் ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அந்தச் சோதனைகளால் பிளேக்கும் நிற்கவில்லை. ஜனங்கள் நோயாளியை ஒளித்தார்கள், பிணத்தை இரவில் எரித்தார்கள், ஊரைவிட்டு ஓடினார்கள். கதவைத் திறக்கும் கை மனமொப்பித் திறக்காவிட்டால் உள்ளே இருக்கும் நோய் வெளியே தெரியாது. இந்தப் பாடம் ரத்தத்தில் எழுதப்பட்டது.

அதைச் சரியாகப் படித்தவர்கள் சென்னை மாகாணத்தில் இருந்தார்கள் என்று நம்ப இடமிருக்கிறது. 1920-களிலேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று ஆஸ்பத்திரி நிர்வாகத்தோடு கலக்காத தனி இயக்குநரகம் இங்கே செயல்பட்டது. பிறகு 1939-ல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். ராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவையில் சுகாதார அமைச்சராக இருந்தவர் டி. எஸ். எஸ். ராஜன், தொழிலால் டாக்டர். இவ்வளவு முழுமையான சுகாதாரச் சட்டம் அதுவரை இந்தியாவில் வேறெங்கும் இல்லை. குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், தொல்லை நீக்கம், தொற்றுநோய் அறிவிப்பு, தாய்சேய் நலம், தங்கும் விடுதி, உணவு, திருவிழா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அத்தியாயம். கொசுவுக்கென்றே ஓர் அத்தியாயம். எந்த வீட்டுக்காரரானாலும் தன் இடத்தில் கொசு உற்பத்தியாகும்படி தண்ணீரைத் தேங்கவிடக் கூடாது. விட்டால் நோட்டீஸ், நோட்டீசுக்கு மசியாவிட்டால் உள்ளாட்சியே ஆளை வைத்துச் சரிசெய்து செலவை வசூலிக்கலாம். உள்ளாட்சிகள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கென்று ஒதுக்கியாக வேண்டும் என்றும் அது சொல்லியது.

எண்பது ஆண்டுகள் கழித்தும் அந்தச் சட்டத்தைத்தான் எடுத்தார்கள். 2017 டெங்குக் காலத்தில் கொசுப்புழு இருந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் நோட்டீஸ் பறந்தது அதன்படி. 2020-ல் முகக்கவசம் போடாதவருக்கு அபராதம் விதிக்க அரசு திருத்தியதும் அதே சட்டத்தை. உலக வங்கி 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் மோனிகா தாஸ் குப்தா, டி. வி. சோமநாதன் முதலானோர் இதைச் சுட்டிக்காட்டினார்கள். பிற மாநிலங்கள் விடுதலைக்குப் பிறகு சுகாதாரத் துறையை ஆஸ்பத்திரித் துறையோடு சேர்த்துக் கரைத்துவிட்டன. தமிழ்நாடு மட்டும் தனி இயக்குநரகம், தனி நிதி, தனிப் பணியாளர் அணி, சட்டம் நான்கையும் காப்பாற்றிக்கொண்டது. இதில் நமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த அணியின் பலம் பெரும்பாலும் கிராமப்புறத்தில். நகரம் உள்ளாட்சியின் கையில். கிராமம் நகரமாக மாறிக்கொண்டிருக்கும் அயனம்பாக்கம் போன்ற ஊரோ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

திருவேற்காடு என்றால் கருமாரியம்மன். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது இந்தப் பக்கத்தின் பழைய வழக்கம். வேப்பிலையைப் பார்த்த வெளியாள் உள்ளே வரமாட்டார். உள்ளே இருப்பவர் குளித்துத் தலைக்கு ஊற்றும்வரை வெளியே போகமாட்டார். நோயாளியைத் தனியே வைப்பதை மதத்தின் மொழியில் நம் ஜனங்கள் ஏற்கெனவே செய்துவந்தார்கள். பெரியம்மையை இந்தியா கடைசியில் ஒழித்த விதமும் அதற்கு நெருக்கமானதுதான். எல்லோருக்கும் அம்மை குத்தினால் போதும் என்ற திட்டம் பல ஆண்டுகள் நடந்தும் நோய் ஒழியவில்லை. 1973-லிருந்து முறையை மாற்றினார்கள். ஊழியர்கள் வீடுவீடாகப் போய் அம்மை கண்டவர் படத்தைக் காட்டி, இப்படி யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்கள். தகவல் சொன்னவருக்குப் பரிசு கொடுத்தார்கள். கண்டுபிடித்த வீட்டைச் சுற்றியுள்ளவர்களுக்கு மட்டும் உடனே குத்தினார்கள். 1975 மே மாதத்தோடு பெரியம்மை இந்த நாட்டைவிட்டுப் போனது. தடுப்பூசி இல்லாமல் அது நடந்திருக்காது. வீடுவீடாகப் போன கால்கள் இல்லாமலும் நடந்திருக்காது.

மலேரியாவின் கதை இதைவிடக் கசப்பானது. 1950-களிலும் 60-களிலும் வளர்ந்தவர்களுக்கு வீட்டு முன்சுவரில் மலேரியாக்காரர் அச்சு வைத்துப் போட்ட கட்டங்கள் நினைவிருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் வருவார். யாருக்காவது காய்ச்சலா என்று கேட்பார். இருந்தால் விரலில் குத்திக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார், கையோடு குளோரோகுயின் மாத்திரை கொடுப்பார். கட்டத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போவார். அடுத்த மாதம் மேலதிகாரி வந்து அந்தக் கட்டத்தைப் பார்ப்பார். வேலை நடந்ததா இல்லையா என்பது அலுவலகக் கோப்பில் ஒளிந்துகொள்ளாமல் ஊரார் கண்முன் சுவரில் இருந்தது. 1965-ல் நாடு முழுவதற்கும் மலேரியா சுமார் 1 லட்சம் பேருக்குத்தான். வெற்றி என்று அறிவித்து ஆளையும் பணத்தையும் குறைத்தார்கள். கொசு மருந்துக்கும் பழகிவிட்டது. 1976-ல் 64 லட்சம் பேருக்கு மலேரியா.

இலங்கையில் இது இன்னும் துல்லியமாக நடந்தது. 1963-ல் அந்தத் தீவு முழுவதும் மலேரியா கண்டவர்கள் 17 பேர். கண்காணிப்பு தளர்ந்தது. 1968-69-ல் ஐந்து லட்சத்துக்கும் மேல். ஆனால் இலங்கை அந்த அடியிலிருந்து கற்றுக்கொண்டது. ஆசியாவின் முதல் சுகாதார யூனிட் 1926-ல் களுத்துறையில் தொடங்கியதும் அங்கேதான், ராக்ஃபெல்லர் உதவியோடு. நம் பூந்தமல்லிக்கு மூத்த சகோதரி. அந்த அமைப்பை அவர்கள் நாடு முழுக்க விரித்தார்கள். இன்றும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பி.எச்.ஐ. என்று சொன்னால் குழந்தைக்கும் தெரியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் எழுந்து நிற்பார். உள்நாட்டுப் போரின் நடுவிலும் அந்த அமைப்பு முற்றாக அற்றுப்போகவில்லை. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது. பணக்கார நாடாக இருந்ததால் வந்த பெருமை இல்லை இது.

நம் மேற்குப் புறநகருக்கு வருவோம். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது, சுமார் 1,430 ஏக்கரில். ஆவடியில் டாங்க் தொழிற்சாலை. பாடியில் டி.வி.எஸ். குழுமத் தொழிற்சாலைகள். வேலை வந்தது, ஆட்கள் வந்தார்கள், ஆட்களுக்கு வீடு வேண்டியிருந்தது. வயலை மனையாக்கி விற்றார்கள். மனைக்குத் தெரு போட்டார்கள், தெருவுக்குச் சாக்கடை போடவில்லை. வீட்டுக்கு ஒரு போர், பத்தடி தள்ளி ஒரு செப்டிக் டேங்க். அந்த டேங்க் பல வீடுகளில் அடியில் காரை போடாத உறைகிணறுதான். கழிவு மண்ணுக்குள் இறங்க, அதே மண்ணிலிருந்து தண்ணீர் மேலே வரும். ஒரு கிராமப் பஞ்சாயத்தில் இந்த வேலையைத் தடுக்க யார் இருந்தார்கள்? வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுத்தவருக்கு செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று குழியில் இறங்கிப் பார்க்க நேரம் இல்லை, பல நேரம் மனமும் இல்லை. சுகாதார ஆய்வாளர் ஒருவருக்குப் பல ஊர்கள். அவர் வந்து பார்ப்பதற்குள் கூரை கான்கிரீட் முடிந்து பால் காய்ச்சிவிடுவார்கள்.

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 42 உள்ளாட்சிகள் ஒரே நாளில் நகரமாயின. அம்பத்தூர் நகராட்சி மாநகராட்சியின் ஒரு மண்டலமானது. 2019-ல் ஆவடி தனி மாநகராட்சி. திருவேற்காடு நகராட்சியை ஆவடியோடு சேர்ப்பது பற்றியும் பேச்சு இருக்கிறது. எல்லைக்கோடுகள் இப்படி நகர்ந்துகொண்டே இருக்க, கொசுவும் மழைநீரும் எந்த எல்லையையும் பார்ப்பதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் ஏரிப் பக்கத்துத் தண்ணீர் எது எந்த உள்ளாட்சியின் வார்டு என்று கேட்டுவிட்டு இறங்கவில்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவ ஆள் வந்தபோது மட்டும் எல்லை நினைவுக்கு வந்தது.

எல்லையைவிடப் பெரிய சிக்கல், பொறுப்பு சிதறிப்போனது. 1939 சட்டம் ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்தவற்றைக் காலம் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தது. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978-ல் உருவான குடிநீர் வாரியத்துக்குப் போயின. ஆலைக் கழிவு 1982-ல் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. 2011 ஆகஸ்ட்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஓட்டல் சோதனையும் கலப்படமும் தனித் துறைக்கு. ஏரி பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறைக்கு. மழைநீர் வடிகால் உள்ளாட்சியின் பொறியாளருக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக நல்ல காரணம் உண்டு; நிபுணத்துவம் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏரிக்கரைத் தெருவில் ஒரு வாய்க்கால் நாறினால் அது மழைநீர் வாய்க்காலா, கழிவுநீரா, ஆலைக் கழிவா, ஏரியின் கலங்கல் வழியா என்பதைக் கண்டுபிடிப்பதே புகார் கொடுப்பவரின் வேலையாகிவிட்டது. நாற்றத்தின் மூலத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இன்ஸ்பெக்டர் என்று ஒருவரை லிவர்பூலில் முதலில் வேலைக்கு வைத்தார்கள்.

அந்த வேலை கிட்டத்தில் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகை மருந்து வண்டியைத்தான் பலர் சுகாதாரப் பணி என்று நினைக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே வீட்டைச் சோதிக்கும் ஊழியர் வாரத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும்; பத்து நாளுக்கு ஒருமுறை வந்தால் ஒரு தலைமுறை பறந்துபோயிருக்கும். அவர் டார்ச் அடித்து சம்ப் மூடியின் ஓட்டைக்குள் பார்ப்பார். மாடியில் மேல்நிலைத் தொட்டியின் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, வழிவிடும் குழாயில் வலை கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பிரிட்ஜுக்குப் பின்னால் நீர் சொட்டும் தட்டை இழுத்துப் பார்ப்பார். வெட்டிப் போட்ட இளநீர் மட்டை, வண்டி டயர், ஆட்டுக்கல் குழி, பூந்தொட்டியின் அடித்தட்டு, சன்ஷேடில் தேங்கிய மழைநீர். கட்டுமான இடமானால் லிஃப்ட் பள்ளத்தையும் கான்கிரீட்டுக்குக் கட்டிய பாத்தியையும் பார்ப்பார். தண்ணீரைக் கரண்டியில் மொண்டு வெளிச்சத்தில் காட்டினால் புழு நெளிந்து கீழே இறங்கும். அதை வீட்டுக்கார அம்மாவுக்குக் காட்டுவதுதான் அவர் செய்யும் மிகப் பெரிய பிரசாரம். பிறகு ஒன்று சொல்வார், அது பலருக்குத் தெரியாதது. தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஈரக்கோட்டுக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழைக்குப் பொரியும்.

இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் தினக்கூலி அல்லது ஒப்பந்த ஊழியர்கள். அபேட் மருந்துக் குப்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள். மழைக்காலம் முடிந்தால் ஆள் எண்ணிக்கை குறையும். அடுத்த மழைக்குப் புது ஆள் வருவார், எந்த வீட்டில் எந்தத் தொட்டிக்கு மூடி இல்லை என்று அவருக்குத் தெரியாது. கொரோனா காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரக்கணக்கான களப்பணியாளர்களை வைத்துத் தெருத் தெருவாகக் காய்ச்சல் கணக்கெடுத்தது, காய்ச்சல் முகாம்கள் நடத்தியது. அந்த முயற்சி நகரைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு வகித்தது என்றே கருதுகிறோம். அலை அடங்கியதும் அந்தத் தற்காலிகப் படை கலைந்தது. 1965-ல் மலேரியாவில் செய்த தவறின் சிறிய வடிவம். 2017-ல் தமிழ்நாட்டில் டெங்கு கண்டவர்கள் 23,000-க்கு மேல், இறந்தவர்கள் 65 பேர் என்று பதிவாகியிருக்கிறது. டெங்கு இங்கே புதிய விருந்தாளியும் இல்லை. 1780-லேயே மதராஸில் அதைப் போன்ற காய்ச்சல் பதிவாகியிருக்கிறது. 1964-ல் சிக்குன்குன்யா வந்து நகரில் லட்சக்கணக்கானோரை முடக்கிப்போட்டது. நாற்பது ஆண்டு கழித்து 2006-ல் திரும்பி வந்தபோது பெயரையே புதிதாகக் கற்றுக்கொண்டோம். 1992-ல் காலராவின் புதிய வகை ஒன்று உலகிலேயே முதலில் அடையாளம் காணப்பட்டதும் சென்னையில்தான். இவ்வளவு அனுபவமுள்ள நகரம் தற்காலிக ஆட்களை வைத்துக் காலம் தள்ளுவது பொறுக்கக்கூடியதல்ல.

சுகாதாரத்தின் சுமை யார் தலையில் ஏறியது என்பதைப் பேசாமல் இந்த வரலாற்றை முடிக்க முடியாது. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் நகரத்தின் மலத்தைத் தலையில் சுமந்தவர்கள் ஒரு சில சாதிகளைச் சேர்ந்தவர்கள். சட்டப்படி அந்த முறை ஒழிந்தது. செப்டிக் டேங்க்கும் பாதாள சாக்கடைக் குழியும் அதே மக்களின் பிள்ளைகளை உள்ளே இழுத்தன. 1993 முதல் இந்தக் குழிகளில் இறந்தவர்களின் தேசியக் கணக்கில் தமிழ்நாடு வெகுகாலமாக முதலிடத்தில் இருக்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. ஒரு வீட்டின் செப்டிக் டேங்க் எவ்வளவு ஆழம், கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது, உறிஞ்சும் லாரி அந்தச் சந்துக்குள் போகுமா என்று முன்கூட்டியே பார்த்துப் பதிந்துவைக்கும் இன்ஸ்பெக்டர் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை யாரையோ ஐந்நூறு ரூபாய்க்கு அழைத்துவந்து குழிக்குள் இறக்கும் வேலைக்கு இடமே இருக்காது. 2022-ல் சென்னைப் பெருநகரில் கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் கட்டாயமாக்கிச் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல சட்டம். இரவில் ஏரிக்கரையிலோ கூவத்திலோ குழாயைத் திறந்துவிடும் லாரியைப் பிடிக்க, அந்தப் பகுதியைத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

தெருவைப் பெருக்குபவரின் நிலையும் இதோடு கட்டுண்டது. 2025 ஆகஸ்ட்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். கொரோனாவில் கைதட்டி வாழ்த்திய நகரம் அது. ஒப்பந்ததாரர் மாறினாலும் மாறாமல் ஒரே தெருவில் பத்தாண்டு வேலை செய்த பெண்ணுக்குத் தெரிந்த சுகாதாரச் செய்தி எந்தக் கணினியிலும் இல்லை. எந்த வீட்டில் குழந்தைக்கு இரண்டு நாளாகப் பேதி என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர்களை மாசற்றவர்களாகக் காட்டுவது நம் நோக்கமல்ல. தள்ளுவண்டி இட்லிக் கடைக்காரரிடம் காட்டிய அதிகாரத்தை அடுக்குமாடி கட்டுபவரிடம் காட்டாத இன்ஸ்பெக்டர்களை எல்லா ஊரும் பார்த்திருக்கிறது. மாமூல் என்ற சொல் இந்த வேலையோடு ஒட்டிக்கொண்டது காரணமில்லாமல் இல்லை. குடிசைக்காரர்மேல் சட்டம் பாய்வதும் கிடங்குக்காரர்மேல் தயங்குவதும் தொடர்ந்தால், 1897-ல் புனேக்காரர்கள் கதவைச் சாத்தியதுபோல நம் ஜனங்களும் சாத்துவார்கள். இதற்கு மருந்து இன்ஸ்பெக்டரை ஒழிப்பதில் இல்லை. அவர் வந்த தேதியும் கண்டதும் கொடுத்த நோட்டீஸும் அதன் முடிவும் ஊருக்குத் தெரியும்படி எழுதி வைப்பதில் இருக்கிறது. மலேரியாக்காரர் சுவரில் போட்ட கட்டம் அதைத்தான் செய்தது. அதற்குச் செல்போன் செயலிகூடத் தேவைப்படவில்லை.

ஆகவே கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. வார்டுக்கு ஒரு சுகாதார ஆய்வாளர், குறைந்தது மூன்றாண்டு அங்கேயே. அவருக்குக் கீழே நிரந்தரக் களப்பணியாளர்கள், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு சுற்று. குடிநீர், கழிவுநீர், குப்பை, உணவு எந்தத் துறையின் குறையானாலும் முதல் புகாரை அவரே வாங்கி உரிய துறைக்கு அனுப்பி முடிவைத் தெரிவிக்கும் அதிகாரம். அம்பத்தூர் மண்டலமும் திருவேற்காடும் ஆவடியும் சந்திக்கும் எல்லைகளில் ஆய்வாளர்கள் மாதம் ஒருமுறை சேர்ந்து நடந்து பார்க்கும் ஏற்பாடு. பயிற்சி கொடுக்கப் பூந்தமல்லி பக்கத்திலேயே இருக்கிறது.

2022-லிருந்து தமிழ்நாட்டு நகரங்களில் வார்டுக் குழுக்களும் பகுதி சபாக்களும் கூடுகின்றன. அயனம்பாக்கத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் தெருவுக்குச் சுகாதார ஆய்வாளர் யார், கடைசியாக எந்தத் தேதியில் வந்தார், அடுத்து எந்தத் தேதியில் வருவார். பதிலைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.